கடைசி ஆளுக்கு ஐந்து நிமிடம்

நம் ஊரில் ஒரு மனிதன் நடப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. பஸ் வராதது ஒன்று. டாக்டர் சொன்னது இரண்டு. முருகனுக்கு வேண்டிக்கொண்டது மூன்று. இந்த மூன்றும் இல்லாமல் ஒருவர் நடந்தால், எதிரே வருகிறவர்கள் "என்ன சார், வண்டி ரிப்பேரா?" என்று அனுதாபத்தோடு விசாரிப்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் நாலாவதாக ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். சும்மா நடப்பது! அதுவும் தெருவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எழுந்து, ரயில் பிடித்து, படகு பிடித்து, ரோடே இல்லாத இடமாகப் பார்த்து இறங்கி, கூட்டமாகப் பத்து கிலோமீட்டர் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது. போன இடத்தில் கோயில் கிடையாது, கல்யாணம் கிடையாது, பந்தி கிடையாது. சோற்றை நாமேதான் கட்டிக்கொண்டு போக வேண்டும். இதற்கு 'புஷ் வாக்கிங்' என்று பெயர். புஷ் என்றால் புதர் என்று நினைத்துவிடாதீர்கள். காடு, மேடு, பள்ளம், பாறை என்று மனுஷன் கை வைக்காமல் விட்ட எல்லாமே அவர்களுக்கு புஷ்தான்.

இது நேற்று முளைத்த பைத்தியமும் அல்ல. சிட்னியில் மைல்ஸ் டன்ஃபி என்பவரும் அவருடைய சிநேகிதர்களும் 1914-லேயே இதற்கு ஒரு சங்கம் வைத்துவிட்டார்கள். ஆண்களுக்கு மட்டும். பெண்களும் சேரலாம் என்று 1927-ல் வேறு ஒரு சங்கம் வந்தது; 'புஷ் வாக்கர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டது அதுதான். டன்ஃபிக்குக் குழந்தை பிறந்தது. இனிமேலாவது மனிதர் வீட்டில் இருப்பார் என்று பார்த்தால், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மனைவியோடு மலைக்காட்டுக்குள் போனார். அந்தத் தள்ளுவண்டிக்கு 'கனங்ரா எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வேறு. நம் வீட்டில் பச்சைக் குழந்தையை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாலே பாட்டி மூன்று நாள் பேச மாட்டாள்.

சும்மா நடக்கிறவர்களால் நாட்டுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நான் பி.காம்., நானும் முதலில் அதைத்தான் கேட்டேன். 1931-ல் இப்படி நடக்கப்போன ஒரு கோஷ்டி, நீல மலைப் பள்ளத்தாக்கில் ஓங்கி வளர்ந்த யூகலிப்டஸ் மரங்களை ஒருவர் வெட்டப்போவதைக் கண்டுபிடித்தது. கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. பேரம் பேசினார்கள். 130 பவுண்டுக்குப் படிந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை; ஊரெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டம். நடக்கிறவர்கள் கையைக் கடித்துக்கொண்டு வசூல் செய்து கொடுத்தார்கள். அந்தக் காடு இன்றும் இருக்கிறது.

*

இந்த நடைக்கும் எனக்கும் சம்பந்தம் வந்தது என் அப்பாவால்.

அப்பா திருச்சியில் கணக்குப் பிரிவில் 34 வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். வயது 71. நடை என்பது அவர் அகராதியில் கிடையாது. அம்மா மாதா மாதம் சங்கடஹர சதுர்த்திக்கு மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க ஏறுவாள். அப்பா கூடப் போவார், அடிவாரம் வரை. "நீ போய்ட்டு வா, நான் செருப்பைப் பார்த்துக்கறேன்" என்பார். பல வருஷம் பார்த்துக்கொண்டார். ஒரு ஜோடி தொலைந்ததில்லை.

அம்மா போனாள். ஒரு வருஷம் முடிந்து திதியும் கொடுத்தாயிற்று. சிட்னியில் இருக்கும் அக்கா மூன்று மாத விசா வாங்கி அப்பாவை வரவழைத்தாள். துணைக்கு நான். என் பையில் அப்பாவின் மாத்திரைகளும், அக்கா கேட்ட அப்பளக் கட்டும், உறையூர் வீட்டின் பத்திர நகலும் இருந்தன. கடைசியாகச் சொன்னதுதான் விஷயம். அக்காவின் திட்டம் எளிமையானது: வீட்டைக் கொடுத்துவிட்டு அப்பா அவளோடேயே வந்துவிட வேண்டும். திருச்சியில் புரோக்கர் ஆள் பார்த்துத் தயாராக வைத்திருந்தார். "பார்ட்டி ரெடி சார், ஐயா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்று வாரம் இரண்டு முறை போன்.

அப்பா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாள் முழுக்க சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்த்தார். யாராவது எதிரில் வந்து நின்றால் "போலாமா?" என்று எழுந்து நிற்பார். எங்கே என்று கேட்க மாட்டார்.

"இப்படியே உட்கார்ந்திருந்தா கால் மரத்துப்போயிடும்ப்பா. வெளியில போய்ட்டு வாங்க" என்று அக்காதான் தன் ஆபீஸ் சிநேகிதி நடத்தும் நடைக் கோஷ்டியில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்தாள். அவளுக்கு அன்று டியூட்டி. மாமாவுக்கு முதுகு வலி. நடை என்று கேட்டவுடன் வந்த வலி.

*

போன இடம் ராயல் நேஷனல் பார்க். சிட்னிக்குத் தெற்கே கடலை ஒட்டி, சுமார் 150 சதுர கிலோமீட்டர். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் 1872-ல். அதற்குச் சில வருஷம் கழித்து, 1879-ல், உலகத்தின் மிகப் பழைய 'தேசியப் பூங்கா'க்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது இது. பெயரில் 'ராயல்' பிற்பாடு 1955-ல் சேர்ந்தது. அதற்கு முந்தின வருஷம் எலிசபெத் ராணி அந்தப் பக்கம் ரயிலில் போனாராம். பாருங்கள், ராணி வண்டியை விட்டு இறங்கி நடந்திருந்தால் என்ன பெயர் வைத்திருப்பார்களோ!

குரோனுல்லா என்ற ஊரில் ரயில் பாதை முடிகிறது. இறங்கி இரண்டு நிமிடம் நடந்தால் படகுத் துறை. அங்கிருந்து சின்னப் படகில் அரை மணி நேரம் குறுக்கே போனால் பண்டீனா என்று ஒரு கிராமம். கிராமத்தின் முதுகிலேயே காடு ஆரம்பம். ஜூலை மாதம் அங்கே குளிர்காலம். நல்ல வெயிலும் நல்ல குளிரும் ஒரே சமயத்தில் அடித்துக்கொண்டிருந்தன. அப்பா வெள்ளைச் சட்டை, மாமாவின் ஸ்வெட்டர், அக்கா வாங்கிக் கொடுத்த புது ஷூ, தலையில் மஃப்ளர் என்று ஊட்டிக்குப் போகும் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

தலைவி ஓர் அறுபத்தைந்து வயது அம்மாள். நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். முதல் காரியமாக ஒரு ஃபாரத்தை நீட்டினார். எல்லோரும் பார்க்காமலே கையெழுத்துப் போட, அப்பா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார். பாறை வழுக்கலாம், அலை அடிக்கலாம், பாம்பு இருக்கலாம், எல்லாம் தெரிந்தேதான் வருகிறேன் என்று எழுதியிருந்தது.

"இவ்வளவும் நடக்கும்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. அப்புறம் எதுக்குடா போகணும்?" என்றார் என்னிடம். போட்டார்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்த்தார் தலைவி. பிறகு எண்ணினார். பதினான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். அவர் 'எண்' என்றால் நாம் நம் நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையில், சீடர்கள் ஆற்றைத் தாண்டிவிட்டு, தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி 'ஒரு ஆள் குறைகிறதே' என்று அழுவார்களே, அந்த வியாதிக்கு மருந்து இது. அப்பா பதினாலு.

பதினாலாம் நம்பருக்குப் பின்னால் ஒரு ஆள். பதிமூன்றாம் நம்பர்காரர்தான், ஆனால் அவர் கடைசியில்தான் வருவார். முன்னாள் பஸ் டிரைவர், நல்ல தொப்பை. கோஷ்டிக்கு முன்னால் தலைவர் எப்படியோ, பின்னால் இப்படி ஒருவர். 'டெயில்-எண்ட் சார்லி' என்று செல்லப் பெயர். சுருக்கமாக, வால். எவ்வளவு மெதுவாக நடக்கிறவராக இருந்தாலும் வால் அவரைத் தாண்டிப் போகக் கூடாது. கடைசி ஆளுக்கும் பின்னால் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பது சட்டம்.

அப்பாவுக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. "வால்னா சும்மாவா? லங்கையையே எரிச்சது வால்தான்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். வால் பதறிப்போய், இங்கே தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்றார். பயம் நியாயம்தான். 1994 ஜனவரியில் அந்தப் பூங்காவில் 90 சதவீதத்துக்கு மேல் எரிந்து போயிருக்கிறது.

*

பண்டீனாவிலிருந்து கடற்கரை மணலில் கொஞ்ச தூரம். பிறகு மரங்களுக்குள்ளே ஒற்றையடிப் பாதை. அது கொண்டுபோய் விடும் இடம் ஜிபன் முனை. நிலம் மூக்கை நீட்டிக்கொண்டு கடலுக்குள் போகிறது. மூன்று பக்கமும் தண்ணீர்.

முனைக்குப் போகிற வழியில் ஒரு பெரிய மணற்பாறை, தரையோடு தரையாக. அதில் தாராவல் என்ற பழங்குடி மக்கள் செதுக்கிய உருவங்கள் இருக்கின்றன. திமிங்கலம், திருக்கை மீன், கங்காரு, ஆறு விரல் உள்ள ஓர் உருவம். வெள்ளைக்காரர் கப்பல் வருவதற்கு முன்பே செதுக்கியவை. யாரும் மிதித்துவிடாதபடி மேலே பலகையில் மேடை போட்டு, அங்கிருந்தே பார்க்கச் செய்திருக்கிறார்கள். எப்படிச் செதுக்கினார்கள் என்று தலைவி விளக்கினார். முதலில் கல்லால் கொத்திக் கொத்தி வரிசையாகப் புள்ளி வைப்பார்களாம். பிறகு புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே தேய்த்துத் தேய்த்துக் கோடாக இணைப்பார்களாம்.

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அப்பா, "புள்ளி வெச்சு இழை இழுக்கறது. கோலம்டா இது" என்றார்.

மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அப்பா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தபடி நின்றார். என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. வால், தொப்பியை எடுத்து விசிறிக்கொண்டு, தனக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லை என்பது போலப் பக்கத்தில் நின்றார்.

முனையைத் தாண்டினால் மரங்கள் போய்விடுகின்றன. இடுப்பளவு குத்துச்செடிகள்தான். உப்புக் காற்று அதற்கு மேல் வளர விடாது. பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரிப் பூக்கும் பாங்ஸியாச் செடிகள் ஏராளம். அதன் காய் மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடக்கிறது. பல வகைகளில் தீப் பிடித்தால்தான் காய் வாய் திறந்து விதை கொட்டுமாம். "சில குடித்தனக்காரங்க மாதிரி. கோர்ட் நோட்டீஸ் வந்தாத்தான் கதவைத் திறப்பாங்க" என்றார் அப்பா. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அவர் அடித்த ஜோக். சிரிப்பு வராவிட்டாலும் சிரித்திருப்பேன். வந்தது.

*

இப்போது ஓய்வுக் கணக்குக்கு வருகிறேன். நான் எழுத வந்ததே அதைத்தான்.

கூட்டமாக நடந்தவர்களுக்குத் தெரியும். பழனி பாதயாத்திரை, திருவண்ணாமலை கிரிவலம், ஏன், பள்ளிக்கூட எக்ஸ்கர்ஷன், எதுவானாலும் நடப்பது இதுதான். முன்னால் போகிற இளவட்டங்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்கள். தண்ணீர் குடிப்பார்கள், அரட்டை அடிப்பார்கள். ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். எல்லோருக்கும் கடைசியில், மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு பெரியவரோ ஒரு குண்டு அத்தையோ வந்து சேர்வார். அவர் தலை தெரிந்ததுமே முன்னவர்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். "வந்தாச்சா? சரி, கிளம்பு, கிளம்பு!"

இதைப் பேரேட்டில் எழுதிப் பாருங்கள். முதலில் வந்தவர் கணக்கில் பதினைந்து நிமிடம் வரவு. நடுவில் வந்தவருக்கு ஏழு, எட்டு. கடைசியில் வந்தவருக்கு வரவு: பூஜ்யம். யாருக்கு ஓய்வு அவசியமே இல்லையோ அவருக்கு அதிகம். யாருக்குக் கட்டாயம் வேண்டுமோ அவருக்குக் கால் காசு கிடையாது. ஆனாலும் ஐந்தொகையில் 'கோஷ்டி பதினைந்து நிமிடம் ஓய்வெடுத்தது' என்றுதான் வரும். ஆடிட்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார். தவிர, கடைசி ஆளுக்குக் காத்திருந்து உபகாரம் செய்த புண்ணியமும் முன்னவர்களுக்கே!

அன்று முதல் ஓய்வில், நானும் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். கோஷ்டி திராட்சையும் பருப்பும் கலந்த 'ஸ்க்ரோகின்' என்ற ஒன்றைக் கொறித்துக்கொண்டிருந்தது. நம்ம ஊர் பொரிகடலை, வெல்லத்துக்குப் பணக்காரத் தம்பி. பத்து நிமிடம் கழித்து அப்பா தெரிந்தார், பின்னாலேயே வால். குச்சி வைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் பையை மாட்டிக்கொண்டு எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர்.

அப்பா வந்தார். உட்காரவில்லை. பையைக் கூடக் கழற்றவில்லை. எல்லோரையும் பார்த்து, "போலாமா?" என்றார்.

தலைவிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாற்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவருக்கு அந்த வார்த்தை எந்த பாஷையிலும் புரியும் போலிருக்கிறது. கையால் ஒரு பாறையைக் காட்டினார். அப்பா உட்கார்ந்தார். பையைக் கழற்றச் சொன்னார். கழற்றினார். தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தார். அதன் பிறகு தலைவி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கடைசி ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். ஓய்வு இப்போதுதான் ஆரம்பம். ஐந்து நிமிடம்" என்றார்.

எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள்.

நான் அப்பாவுக்கு விளக்கினேன். அவர் பதில் சொல்லவில்லை. குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் காலை வெளியே எடுத்து, பாறைமேல் நீட்டிக்கொண்டார். கணக்காக ஐந்து நிமிடம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அந்த ஐந்து நிமிடத்தில் வேறு கணக்கு ஓடியது. அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பென்ஷன் ஆபீஸ். பிறகு ரேஷன் கார்டில் பெயர் நீக்கம். காஸ் இணைப்பில் பெயர் மாற்றம். பேங்கில் நாமினி. வாரிசுச் சான்றிதழ். பாஸ்போர்ட், விசா, டிக்கெட். அப்புறம் வீடு. ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் தயாராக வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அப்பா வந்து சேர்ந்ததும் கிளம்பியாயிற்று. "போலாமா?" என்று அவரே கேட்கப் பழகிவிட்டார். எதிலும் ஒரு தேதி தவறவில்லை. அம்மா போனதற்கு அவர் எப்போது உட்கார்ந்தார் என்று தேடினால், அந்தப் பேரேட்டில் ஒரு பதிவும் இல்லை.

*

செங்குத்துப் பாறைகளின் விளிம்போரமாகப் பாதை போகிறது. கீழே பசிபிக் மகாசமுத்திரம் பாறையில் மோதி வெள்ளைச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் முன்னால் போனவர்கள் "அதோ!" என்றார்கள். தூரத்தில் கடலிலிருந்து புகை மாதிரி ஒரு பீச்சல். கூனல் திமிங்கலம். அண்டார்டிக் பக்கத்திலிருந்து குளிர்காலத்தில் கிளம்பி, குவீன்ஸ்லாந்தின் வெதுவெதுப்பான தண்ணீருக்குப் போய்க் குட்டி போட்டு, குட்டியோடு வசந்தத்தில் திரும்பி வருகிறது. ஒரு வழி மட்டும் சுமார் 5,000 கிலோமீட்டர். வேட்டையாடியே 1960-களின் தொடக்கத்தில் இந்தக் கிழக்குக் கரைத் திமிங்கலங்களைச் சில நூறாக்கிவிட்டார்கள். 1963-ல் வேட்டைக்குத் தடை வந்தது. இன்று முப்பதாயிரத்துக்கு மேல்.

"பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போற மாதிரி" என்றேன், அப்பாவின் பக்கத்தில் நின்று.

"ம்... பிள்ளை பெத்து எடுத்துக்கிட்டு, அப்புறம் தன் ஊருக்குத் திரும்பிடுதில்ல?" என்றார் அப்பா. திமிங்கலத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பாதையில் 'கல்யாண கேக் பாறை' என்று ஒன்று உண்டு. சுற்றிலும் பழுப்பாக இருக்கையில் இது மட்டும் கத்தியால் நறுக்கியது போல வெள்ளை வெளேரென்று கடல்மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரும்புச் சத்து கரைந்து வெளியேறியதால் அந்த வெள்ளை. அதன் நுனியில் நின்று போட்டோ எடுக்கக் கூட்டம் அலைமோத, ஆராய்ந்து பார்த்த நிபுணர்கள், எந்த நேரமும் உடைந்து விழலாம் என்று சொல்ல, 2015-ல் வேலி போட்டுவிட்டார்கள். தாண்டினால் அபராதம். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா தயிர் சாத டப்பாவைத் திறந்து வாலுக்கு மாவடு கொடுத்தார். வால் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, சற்று நேரம் கடலைப் பார்த்துக் கண் கலங்கினார். பிறகு இன்னொன்று கேட்டார்.

திரும்பும்போது தகராறு வந்தது. குச்சிக்காரர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இப்படி ஐந்தைந்து நிமிடமாக விட்டால் மூன்று மணிப் படகு போய்விடும். அடுத்தது நான்கு மணிக்குத்தான். அவர் சொன்னதும் நியாயம். அவர் பேத்திக்கு அன்று பிறந்தநாள். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவிழ்த்த லேஸை வேகமாகக் கட்ட ஆரம்பித்தார். "நம்மளால அவங்களுக்குச் சிரமம். வாடா, போலாம்."

தலைவி குரலை உயர்த்தவில்லை. "படகு விட்டால் ஒரு மணி நேரத்தில் அடுத்த படகு வரும். களைத்த காலோடு இந்தப் பாறையில் இறங்கி யாராவது விழுந்தால், ஹெலிகாப்டர் வர அதைவிட நேரமாகும். பிறந்தநாள் இருக்கிறவர்களை என் துணைத் தலைவர் வேகமாகக் கூட்டிப்போகட்டும், நால்வராக. மற்றவர்கள் என்னோடு" என்றார். எண்ணச் சொன்னார். நான்கு பேர் போனார்கள். பத்துப் பேர் மிஞ்சினோம். அப்பாவின் நம்பர் இப்போது பத்து. ஆனாலும் கடைசிதான்.

படகு போய்விட்டது. நாங்கள் துறைக்கு வந்தபோது மூன்று பத்து. யாரும் எதுவும் சொல்லவில்லை. பலகையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த ஸ்க்ரோகினைத் தின்றுகொண்டு, எனக்கும் அப்பாவுக்கும் 'கூ...ஈ' போடச் சொல்லிக் கொடுத்தார்கள். காட்டில் வழி தவறினால் இப்படித்தான் கத்த வேண்டுமாம். சிட்னிப் பக்கத்துப் பழங்குடி மொழியில் 'இங்கே வா' என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பதைச் சொல்ல, 'கூயீக்குள் இருக்கிறது' என்பது ஆஸ்திரேலிய வழக்கு. "நாங்க கூப்பிடு தூரம்னு சொல்றோமே, அது!" என்றார் அப்பா. வயிற்றிலிருந்து எடுத்து ஒரு 'கூ...' போட்டார் பாருங்கள், எதிர்க்கரையில் ஒரு நாய் குரைத்தது.

*

அதற்கடுத்த புதன்கிழமை ராத்திரி, சாப்பாடெல்லாம் ஆன பிறகு அக்கா பேச்சை எடுத்தாள். புரோக்கர் அன்று காலையும் போன் செய்திருந்தார். பார்ட்டி வேறு வீடு பார்த்துவிடுவார்களாம்.

"ஏம்ப்பா, ஒரு முடிவு சொல்லுங்க. இங்க நாங்க இருக்கோம், அங்க யாரு இருக்கா? நாங்க எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

அக்கா சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, திருச்சியில் அப்பா மாத்திரை போட்டுக்கொண்டாரா என்று எழுந்து உட்காருகிறவள் அவள்.

அப்பா டி.வி.யை அணைத்தார். "நீங்க எல்லாரும் முன்னாலயே வந்து சேர்ந்துட்டீங்கம்மா. நான் கடைசி ஆளு. இப்பத்தான் வந்து உட்கார்ந்திருக்கேன். அஞ்சு நிமிஷம் ஆகட்டும்" என்றார்.

அக்காவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். சமையலறைக்குக் கூட்டிப்போய் ஜிபன் முனையில் நடந்ததைச் சொன்னேன். பாறை, கைக்கடிகாரம், அவிழ்த்த லேஸ், எல்லாம். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் பாத்திரம் கழுவினாள். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள். பிறகு அப்பாவுக்குக் காபி போட்டு எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் கடைசி வாரத்தைப் பற்றிக் கேட்டாள். அவள் வந்து சேர்ந்தது எல்லாம் முடிந்த பிறகுதானே. அப்பா சொல்ல ஆரம்பித்தார். மணி ஒன்றாயிற்று. நான் நடுவிலேயே தூங்கப் போய்விட்டேன்.

விசா முடிந்ததும் செப்டம்பரில் ஊர் திரும்பினோம். பத்திர நகல் போனபடியே என் பையில் திரும்பி வந்தது. அக்கா ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறாள்; வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. அப்பா அங்கே போய்விடலாம், இங்கேயே இருக்கலாம், இரண்டுக்கும் வழி இருக்கிறது. முடிவு அவருடையது.

இதற்கிடையில் ஒரு சதுர்த்திக்கு அவர் மலைக்கோட்டை ஏறினார். முதல் தடவை. வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்தார். நான் வாலாகப் பின்னால் போனேன். கீழே செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் என் ஜோடி தொலைந்தது வேறு கதை.

புரோக்கர் மட்டும் விடுவதாக இல்லை. போன வாரம் கூடப் போன் செய்தார்.

"ஐயா என்னதான் சொல்றாங்க சார்?"

"அஞ்சு நிமிஷம்னு சொல்றார்."

"போன ஜூலையிலேர்ந்து இதைத்தான் சார் சொல்றீங்க!"

"ஆமாம். எப்ப ஆரம்பம்ங்கிறது அவர் கடிகாரத்துலதானே இருக்கு" என்று சொல்லி வைத்தேன்.